பத்துமலைக் கல்லின் வயதும் புதைபடிவங்களின் வரிசையும்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. படிவம் 4-இல் படிக்கும் அவருடைய மகள் தைப்பூசத்துக்குப் பத்துமலை வந்து திரும்பியிருக்கிறாள். அந்தச் சுண்ணாம்புக் குன்று ஏறத்தாழ 400 மில்லியன் ஆண்டுப் பழையது என்று படித்ததும் அவளுக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கிறது. "பாறையின் வயதை அதிலுள்ள புதைபடிவத்தைக் கொண்டு சொல்கிறார்கள், புதைபடிவத்தின் வயதை அது கிடைத்த பாறையைக் கொண்டு சொல்கிறார்கள். அப்படியானால் எது முதலில் தெரிந்தது?" தாயாரால் பதில் சொல்ல முடியவில்லை. பாட நூலிலும் இதற்கு நேரான விளக்கம் இல்லை என்கிறார்.

அன்புச் சகோதரி, உங்கள் மகள் கேட்டிருப்பது மிக நல்ல கேள்வி. கோலாலம்பூரில் கட்டடங்கள் எழும்புமுன் நிலத்தைத் துளைத்து, அடியிலிருக்கும் பாறை எது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த இளைஞர்கள் பலர் இதே இடத்தில் தடுக்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு செய்திகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எது முன்னது, எது பின்னது என்பது ஒன்று. அதை ஒப்பீட்டு வயது என்கிறோம். எத்தனை ஆண்டுகளுக்கு முன்னது என்பது வேறொன்று. அக்காள் யார், தங்கை யார் என்று தெரிந்துகொள்ளப் பிறப்புச் சான்றிதழ் வேண்டியதில்லை; இருவரும் பிறந்த ஆண்டைச் சொல்லத்தான் அது வேண்டும். புதைபடிவங்கள் தருவது முதல் வகைச் செய்தி மட்டுமே. 400 மில்லியன் என்ற எண்ணைத் தருவது வேறு ஒரு முறை. அது புதைபடிவத்தின் உதவியில்லாமல் தனியாக நடப்பது. உங்கள் மகள் கண்ட வட்டம், இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணும்போது மட்டுமே தோன்றுகிறது.

வரிசையின் தொடக்கம் புதைபடிவத்தில் இல்லை, அடுக்கில் இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டு வாசலில் படிந்திருக்கும் வண்டலை நினைத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு வெள்ளத்தின் வண்டலைக் கழுவாமல் விட்டிருந்தால், இந்த ஆண்டு வண்டல் அதன் மேல்தான் படியும்; அதன் அடியில் போய்ப் புகுந்துகொள்ள வழியில்லை. கடலடியிலும் ஏரியிலும் ஆற்று முகத்துவாரத்திலும் இதுவே பல இலட்சம் ஆண்டுகளாக நடந்து, சேறு களிப்பாறையாகவும், மணல் மணற்கல்லாகவும், ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் சுண்ணாம்புக்கல்லாகவும் இறுகுகின்றன. புரட்டிப் போடப்படாத அடுக்குகளில் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. டென்மார்க்கில் பிறந்து இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் ஆய்வு செய்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் இதைத் தெளிவாக எழுதி வைத்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்திருந்தார். மலைப் பாறைகளில் கிடைத்து, மக்கள் 'நாக்குக் கல்' என்று அழைத்து வந்தவை பழங்காலச் சுறாவின் பற்களே என்று அந்த ஆய்வின் வழியாக அவர் கண்டுகொண்டார்.

ஆனால் அடுக்கு முறை ஓர் இடத்துக்குள் மட்டுமே செல்லும். இந்தக் குன்றின் மூன்றாம் அடுக்கும், நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேறொரு குன்றின் ஐந்தாம் அடுக்கும் ஒரே காலத்தவையா? இடையில் காடு, ஆறு, ஊர். அடுக்கைத் தொடர்ந்து நடந்து பார்க்க முடியாது. கல்லின் நிறத்தையும் நம்ப முடியாது. சாம்பல் நிறக் களிப்பாறை எல்லாக் காலத்திலும் உண்டாகியிருக்கிறது, இன்றும் சதுப்பு நிலக் கரைகளில் அதற்கான சேறு படிந்துகொண்டிருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத ஒரு நில அளவையாளர் என்பதால், அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வில்லியம் ஸ்மித் 1769-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். அவருடைய ஊரில் உருண்டையாகக் கிடைத்த புதைபடிவ ஓடுகளைச் சிறுவர்கள் கோலி விளையாடப் பயன்படுத்தினார்கள். வட்டமும் கனமுமான மற்றொரு வகையை, அது கடல் முள்ளெலி என்று அறியாமலே, பால்பண்ணைப் பெண்கள் வெண்ணெய் நிறுக்கும் எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். இவற்றைக் கையில் வைத்து வளர்ந்த பிள்ளை, பின்னாளில் சோமர்செட் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களை அளந்தார். 1790-களில் நிலக்கரி கொண்டுபோக வெட்டிய கால்வாய்க்கு அளவையாளராக இருந்தார். கால்வாய் வெட்டுவதென்றால் நாட்டையே கத்தியால் கீறிப் பார்ப்பது போன்ற வேலை. கிலோமீட்டர் கணக்கில் அடுக்குகள் பச்சையாக வெளியே தெரியும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு களிமண் அடுக்குகளில் வெவ்வேறு வகை ஓடுகள் இருப்பதையும், ஓர் அடுக்குக்குரிய ஓடுகள் பல மைல் தள்ளி அதே அடுக்கு மீண்டும் தலைகாட்டும் இடத்திலும் அதே கூட்டாக இருப்பதையும் அவர் கண்டார். எங்கே தோண்டினாலும் கீழிருந்து மேலே அந்த ஓடுகள் வரும் வரிசை மாறவில்லை. 1799-இல் பாத் நகரைச் சுற்றிய அடுக்குகளின் பட்டியலைத் தம் நண்பர்களுக்குச் சொல்லி எழுத வைத்தார். 1815-இல் இங்கிலாந்தும் வேல்ஸும் ஸ்காட்லாந்தின் ஒரு பகுதியும் அடங்கிய நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். அந்தப் பெரும்பணி அவருக்குச் செல்வம் தரவில்லை. 1819-இல் கடனுக்காகச் சிறையில் இருந்தார். இலண்டன் நிலவியல் கழகம் அவரை அழைத்து மதிப்புச் செய்தது 1831-இல்தான்.

இங்கே உங்கள் மகள் கவனிக்க வேண்டியது ஆண்டுகளை. டார்வின் தம் பரிணாமக் கொள்கையை நூலாக வெளியிட்டது 1859-இல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே புதைபடிவங்களின் வரிசை எழுதப்பட்டுவிட்டது. ஸ்மித்துக்கு எந்த உயிர் எதிலிருந்து வந்தது என்ற கொள்கை ஏதும் இல்லை. ஓர் அடுக்கு எத்தனை ஆண்டுப் பழையது என்பதும் அவருக்குத் தெரியாது. அவரிடம் இருந்தவை மேல், கீழ் என்ற இரண்டு சொற்களும், எந்த ஓடு எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பும்தான். ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸைச் சுற்றிய பாறைகளில் குவியே, பிரோங்னியார் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் தனியாக ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார்கள். ஆகவே எது முதலில் தெரிந்தது என்ற கேள்விக்கு விடை: அடுக்கின் வரிசை முதலில் தெரிந்தது, அந்த வரிசையில் வைத்துப் புதைபடிவங்களின் வரிசை இரண்டாவதாகத் தெரிந்தது, அடுக்கே தெரியாத இடங்களில் அந்த இரண்டாம் வரிசையைப் பயன்படுத்துவது மூன்றாவதாக வந்தது. ஒவ்வொரு புதிய மலைச்சரிவும் ஒவ்வொரு புதிய துளையும் அந்த வரிசையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு. இருநூறு ஆண்டுகளாக அந்தச் சோதனை எல்லாக் கண்டங்களிலும் நடந்து வருகிறது.

எல்லாப் புதைபடிவமும் இதற்கு உதவாது. நம் கரைகளில் பெலாங்காஸ் என்று சொல்லும் குதிரைலாட நண்டை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 445 மில்லியன் ஆண்டுப் பழைய பாறையில் அதன் இனத்து உயிர் கிடைத்திருக்கிறது. இன்றைய நண்டின் சாயல் அதில் அப்படியே தெரிகிறது. நீண்ட காலம் உருவம் அதிகம் மாறாமல் வந்த உயிர், காலம் காட்ட உதவாத உயிர். நமக்கு வேண்டியது விரைவாக உருமாறி, குறுகிய காலமே வாழ்ந்து, அந்தக் குறுகிய காலத்துக்குள் உலகக் கடல்கள் எங்கும் பரவி, ஏராளமாகச் செத்து விழுந்து, எளிதில் அடையாளம் காணத்தக்க ஓட்டை விட்டுச் சென்ற உயிர். அப்படிப்பட்டதை வழிகாட்டிப் புதைபடிவம் என்கிறோம்.

அதில் மிகச் சிறந்த ஒன்று நம்மில் சிலருடைய பூசை அறையிலேயே இருக்கிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்களில் பலவற்றினுள் இருப்பது அம்மோனைட் என்னும் கடலுயிரின் ஓடு. திருமாலின் சக்கரமாக அடியார்கள் வணங்குவது அந்தச் சுருள். இமயத்தின் ஜுராசிக் காலக் கருங்களிப்பாறையிலிருந்து கழன்று ஆற்றில் உருண்டு வந்தவை அவை. (கேம்பிரியன், ஆர்டோவிசியன், சிலுரியன், டெவோனியன், கார்பனிஃபெரஸ், பெர்மியன், டிரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் என்று இனி வருபவை, மூத்ததிலிருந்து இளையது நோக்கி, நிலவியலில் காலங்களுக்கு வைத்த பெயர்கள்.) எனக்கு நெருங்கிய ஒரு பெரியவர் தம் வீட்டுச் சாளக்கிராமத்தை, நீராட்டியபின், என் கையில் ஏந்திப் பார்க்க ஒருமுறை அனுமதித்தார். கரிய கல், ஒரு பக்கம் உடைந்து, உள்ளே வரிவரியாய் மேடிட்ட சுருள். சாளரத்தின் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்தபோது, மேலோடு தேய்ந்த ஓரிடத்தில் கீரையின் ஓரம்போல நெளிந்து நெளிந்து ஓடும் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. ஓட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் சுவர், வெளி ஓட்டைத் தொடும் இடம்தான் அந்தக் கோடு. டெவோனியன் காலம் தொட்டு வாழ்ந்த பழைய உறவினரிடம் அந்தக் கோடு எளிய வளைவுகளாக இருக்கும். டிரையாசிக் காலத்துப் பலவற்றில் வளைவுகளின் ஒருபக்கம் சிறு பற்களாகப் பிளவுபட்டிருக்கும். ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலங்களில் கோடு முழுவதுமே இலை நரம்புபோலக் கிளைத்துவிடும். உள்ளங்கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, அது எந்த மலையிலிருந்து வந்தது என்று தெரியாமலே, அதன் காலத்தைச் சொல்ல அந்தக் கோடு துணை செய்கிறது. இன்னும் நுட்பமாக, சிற்றினங்களைப் பிரித்தறிபவர்கள் ஜுராசிக் காலத்தை எழுபதுக்கும் மேற்பட்ட மண்டலங்களாக வகுத்திருக்கிறார்கள். ஒரு மண்டலம் சராசரியாக ஒரு மில்லியன் ஆண்டுக்கும் குறைவானது.

அம்மோனைட் நம் முன்னோர் ஊருக்கும் உரியது. இங்கே நம்மில் பலருடைய பாட்டனார் திருச்சி வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் வயல்களுக்கு அடியில் கிரெட்டேசியஸ் காலக் கடற்பாறை இருக்கிறது. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்து அனுப்பிய ஓடுகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் இலண்டனில் ஆராய்ந்து, 1846-இல், அவை ஐரோப்பாவின் கிரெட்டேசியஸ் ஓடுகளோடு பொருந்துகின்றன என்று எழுதினார். அவர் அந்த வயல்களைப் பார்த்ததில்லை. ஓடுகளே போதுமானவையாக இருந்தன. பின்னர் அங்கு அடுக்குகளைக் களத்தில் ஆராய்ந்தவர்கள் அவற்றை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று கீழிருந்து மேலாக மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்கள். அவற்றுக்கும் மேலே நின்னியூர் அடுக்குகள் உள்ளன. கீழே ஏராளமாகக் கிடைக்கும் அம்மோனைட்டுகள் அங்கே இல்லை. அதன் தூரத்து உறவான நாட்டிலஸ் வகை மட்டும் தொடர்கிறது. உலகெங்கும் அம்மோனைட்டுகள் மறையும் எல்லை அது. 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பறவைகள் தவிர்ந்த டைனோசார்கள் அழிந்த அதே எல்லையும் அதுவே.

மலேசியாவிலேயே வரிசையைக் கண்ணால் காண வேண்டுமென்றால் லங்காவிக்குப் போக வேண்டும். பினாங்குத் தீவிலேயே பார்க்கலாமே என்று உங்கள் மகள் நினைக்கலாம், முடியாது. பினாங்குக் கொடிமலை கருங்கல்லால், அதாவது ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகிய கிரானைட்டால் ஆனது. அந்தச் சூட்டில் எந்த ஓடும் எஞ்சாது. லங்காவியிலோ மேற்கே மச்சின்சாங் மலையின் மணற்கற்கள் கேம்பிரியன் காலத்தவை. நாட்டில் அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய பாறைகள். அவற்றின் காலத்தைச் சொன்னது அங்கே கிடைத்த டிரைலோபைட்டு என்னும், உடல் மூன்று மடலாகப் பிரிந்த கடலுயிர். அதற்கு மேல் செத்துல் சுண்ணாம்புக்கல். அதன் கீழ்ப்பகுதியில் ஆர்டோவிசியன் காலத்து நேரோட்டு நாட்டிலஸ் வகைகள் கல்லில் நீளவாக்கில் வெட்டுப்பட்டுத் தெரியும். அதற்கும் மேலே சிங்கா படிவம் எனப்படும் பாறைத் தொகுதியின் சேற்றுப்பாறை, பிறகு பெர்மியன் காலச் சுப்பிங் சுண்ணாம்புக்கல். யுனெஸ்கோ 2007-இல் லங்காவியைப் புவிப்பூங்காவாக ஏற்றுக்கொண்டதற்கு இந்த வரிசை ஒரு முக்கியக் காரணம்.

லங்காவியின் கிழக்கே லங்குன் தீவில், செத்துல் சுண்ணாம்புக்கற்களுக்கு இடையே ஒரு கரிய களிப்பாறைப் பட்டை இருக்கிறது. அந்தக் களிப்பாறையின் ஒரு சில்லைக் கையில் எடுத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. வெயிலுக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பும்போது, பென்சிலால் இழுத்ததுபோல வெள்ளி மினுக்கத்தோடு சில கீற்றுகள் எழும்பும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கீற்றுக்கும் ஒரு பக்கம் இரம்பப் பற்கள் இருக்கும். இவை கிராப்டோலைட்டுகள். ஒவ்வொரு பல்லும் ஒரு சிற்றுயிர் குடியிருந்த அறை. ஒரு கீற்று முழுவதும் ஒரு குடியிருப்பு. கடல்நீரில் மிதந்து திரிந்தவை என்பதால் நீரோட்டம் அவற்றை எல்லாக் கடலுக்கும் கொண்டுபோனது. இறந்தபின் காற்றுப் புகாத கரிய சேற்றில் விழுந்து பதிந்தன. அந்தப் பற்களின் வடிவமும், கீற்று ஒற்றையா இரட்டையா, நேரா வளைவா என்பதும் விரைவாக மாறின. அதனால் லங்குனில் இருக்கும் ஒரு கீற்றையும் வேல்ஸ் மலையில் இருக்கும் ஒரு கீற்றையும் அருகருகே வைத்து, இவை சிலுரியன் காலத்தின் தொடக்கத்தில் வாழ்ந்தவை என்று சொல்ல முடிகிறது. உங்களுக்கு அருகில், கெடாவின் தெற்கே மகாங் படிவத்துக் களிப்பாறைகளிலும் கிராப்டோலைட்டுகள் உண்டு.

ஒரே ஓர் ஓட்டை நம்பி முடிவு கட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டு நாணயங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் மேல் ஆண்டே அச்சிடவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த முதல் வரிசை 1967-இல் வந்தது, வாவ் பட்டமும் வெற்றிலைத் தட்டும் பொறித்த இரண்டாம் வரிசை 1989-இல் வந்தது, மூன்றாவது 2012-இல். முதல் வரிசை உடனே மறைந்துவிடவில்லை. பல ஆண்டுகள் இரண்டும் கலந்தே புழங்கின. ஆகையால் ஒரு பழைய கோவிலின் முற்றத்தைத் தோண்டும்போது ஒரு மண்ணடுக்கில் முதல் இரண்டு வரிசைகளும் சேர்ந்து கிடைத்து, மூன்றாவது ஒன்றுகூட இல்லையென்றால், அந்த அடுக்கு பெரும்பாலும் இரண்டாவதன் வரவுக்கும் மூன்றாவதன் வரவுக்கும் இடையில் படிந்தது என்று சொல்லலாம். இல்லாமையைவிட இருப்பது வலுவான சான்று. ஆனால் பல இருப்புகளும் பல இல்லாமைகளும் சேர்ந்தால் இடைவெளி குறுகிக்கொண்டே வரும். 1850-களில் ஆல்பர்ட் ஓப்பெல் என்ற ஜெர்மானியர் அம்மோனைட்டுகளைக் கொண்டு செய்தது இதைத்தான்: ஒவ்வொரு சிற்றினமும் முதலில் தோன்றும் அடுக்கையும் கடைசியாகக் காணப்படும் அடுக்கையும் தனித்தனியே குறித்து, அவை ஒன்றன்மேல் ஒன்று கவிந்து நிற்கும் இடங்களை மண்டலங்களாக்கினார்.

அதே நாணயங்கள் ஓர் ஆபத்தையும் காட்டும். பழைய அடுக்கைக் கிளறிய மண் புதிய பள்ளத்தில் கொட்டப்பட்டால் 1967-இன் நாணயம் 2015-இன் அடுக்கில் வந்து கிடக்கும். பாறையிலும் இது நடக்கிறது. பழைய மலை அரிந்து, அதன் ஓடுகள் கழன்று, புதிய சேற்றில் மீண்டும் புதைகின்றன. அப்படிப்பட்டவை உருண்டு தேய்ந்திருக்கும். உள்ளே அடைந்திருக்கும் மண் சுற்றிலும் உள்ள மண்ணிலிருந்து வேறுபட்டிருக்கும். ஆகையால் ஓர் அடுக்கின் காலத்தை அதில் உள்ள மிக இளைய புதைபடிவத்தைக் கொண்டே சொல்ல வேண்டும். பழையது இளைய அடுக்கில் வந்து சேரலாம். கலையாத பழைய அடுக்கில் இளையது இருக்க வழியில்லை.

மற்றொரு இடர், அடுக்குகளே தலைகீழாவது. மலை எழும்பும்போது அடுக்குகள் பாய்போல மடிந்து, மடிப்பின் ஒரு கை முழுவதும் கவிழ்ந்துவிடுவதுண்டு. அல்லது பழைய பாறைத் தொகுதியே பிளவின் வழியாக நகர்ந்து இளைய பாறையின் மேல் ஏறிவிடும். சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மலைகளில் பெர்மியன் காலப் பாறை, அதைவிட இருநூறு மில்லியன் ஆண்டுகள் இளைய பாறையின்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. ஏறிய பிளவு மலைமுகத்தில் கோடு கிழித்ததுபோலத் தெரிகிறது. "புதைபடிவம் வரிசை மாறிக் கிடக்கிறது, பாருங்கள்" என்று காட்டப்படும் இடங்களில் பெரும்பாலானவை இத்தகையவை. இதைப் புதைபடிவத்தின் துணையில்லாமலே சோதிக்கலாம். அலை வருடிய மணலின் நெளிவுகள் கூர்முனையை மேல்நோக்கியே வைத்திருக்கும். சேறு கலங்கிய நீரிலிருந்து பருமணல் முதலில் படிந்து நுண்மணல் பிறகு படியும். கல்லுக்குள் உறைந்துவிட்ட இந்த அடையாளங்கள், அது இப்போது நேராக நிற்கிறதா கவிழ்ந்து கிடக்கிறதா என்று சொல்லிவிடும்.

இனிப் பத்துமலைக்கு வருவோம். என் வேலையில் பெரும்பகுதி கழிந்தது இந்தச் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான். பத்துமலையில் குன்றாக நிமிர்ந்து நிற்பதும், நகரத்தின் பெரும்பகுதிக்கு அடியில் குழிகளும் பொந்துகளுமாய்ப் புதைந்து கிடப்பதும் ஒரே கல். இரட்டைக் கோபுரம் கட்டத் தொடங்குமுன் அதன் இடத்தை ஏறத்தாழ 60 மீட்டர் நகர்த்த வைத்ததும் இதன் சமமற்ற மேற்பரப்பே. துளையிலிருந்து எடுத்த கல்லுருளைகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி நீர் தெளித்துப் பார்த்தால், வெள்ளையும் சாம்பலுமாய் சர்க்கரைக் கட்டிபோல மின்னும்; ஓடு என்று சொல்லும்படி ஏதும் கண்ணில் படாது. காரணம் அது பளிங்காக மாறிவிட்டது. பின்னாளில், ஏறத்தாழ 200 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அருகே ஊடுருவிய கிரானைட்டின் சூடும் மலையெழுச்சியின் அழுத்தமும் அதன் ஓடுகளைக் கரைத்துப் படிகங்களாக்கிவிட்டன. உருமாற்றம் அவ்வளவு கடுமையாக இல்லாத ஒரு சில இடங்களில் உருத் தெரியும்படி எஞ்சிய கடலுயிர் ஓடுகளே இந்தக் கல் சிலுரியன் காலத்தது என்று சொல்லின. அவை கிடைத்திராவிட்டால், கிரானைட் இதை ஊடுருவியிருப்பதால் கிரானைட்டைவிட மூத்தது என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடிந்திருக்காது.

இதற்கு மேலே கென்னி ஹில் படிவம் என்று அழைக்கப்படும் மணற்கல்லும் களிப்பாறையும் இருக்கின்றன. அவை கார்பனிஃபெரஸ், பெர்மியன் காலத்தவை என்று கொள்ளப்படுகிறது. ஆனால் புதைபடிவம் மிக அரிது. இரண்டுக்கும் இடையில் பல கோடி ஆண்டுகள் பதிவே இல்லாமல் விடுபட்டிருக்கின்றன. துளையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றன் பின் ஒன்றாக உடனே படிந்தவை என்றே கண் நம்பும். விடுபட்ட காலத்தைக் காட்டிக்கொடுப்பவை மேலும் கீழும் இருக்கும் புதைபடிவங்கள்தாம்.

பத்துமலையிலேயே 'கீழே இருப்பது மூத்தது' என்ற விதி தவறிப்போவதுபோலத் தோன்றும் ஓரிடமும் உண்டு. 272 படி ஏறிக் குகைக்குள் நின்றால் தலைக்கு மேல் சிலுரியன் கல். அதே குன்றின் குகைகளில், கல்லுக்குக் கீழே படிந்த மண்ணிலிருந்து ஒராங் ஊத்தானின் பற்களை ஆய்வாளர்கள் எடுத்து, 2013-இல் அது பற்றி வெளியிட்டார்கள். தீபகற்பத்தில் இன்று காட்டில் வாழாத அந்த விலங்கு ஒரு காலத்தில் இங்கே இருந்தது என்பதற்கான சான்று அவை. அந்த மண்ணின் வயது பல்லாயிரம் ஆண்டுகளே. கூரையாக நிற்கும் கல்லோடு ஒப்பிட்டால் நேற்றைய மண். விதி பொய்க்கவில்லை. கல் முதலில் படிந்தது. நெடுங்காலம் கழித்து நீர் அதைக் கரைத்துக் குடைந்தது. குடைந்த வெற்றிடத்தில் மண் வந்து நிரம்பியது. குடையப்படும் பொருள் குடைவதற்கு முன்பே இருந்தாக வேண்டும் அல்லவா? மேல், கீழ் என்ற இரண்டோடு, எது எதை வெட்டியது, எது எதற்குள் அடைபட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரிசை முழுமையாகும்.

கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கும் வேலையையும் சொல்கிறேன். இந்த நாட்டின் எண்ணெய்த் துறை இதைத் தினமும் பயன்படுத்துகிறது. கடலடியில் துளையிடும்போது முழு ஓடு எதுவும் மேலே வராது, நொறுங்கிய துகள்தான் வரும். ஃபொராமினிஃபெரா என்னும் மணலளவு ஓடுகளும் மகரந்தத் துகள்களும் அந்த நொறுங்கலிலும் உடையாமல் தப்பிவிடும். அவற்றை நுண்ணோக்கியில் எண்ணி, துளை எந்தக் காலத்துப் பாறைக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்கிறார்கள். துளையின் மேல்பகுதிச் சுவரிலிருந்து இளைய துகள்கள் உதிர்ந்து கீழே கலந்துவிடும் என்பதால், கீழே ஒரு சிற்றினம் தென்படுவதை அவர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. மேலிருந்து இறங்கும்போது அது முதன்முதலாக எங்கே தென்படுகிறது என்பதையே பிடித்துக்கொள்கிறார்கள். துளைப்பவருக்கு முதலில் தெரிவது, அந்த உயிர் உலகில் கடைசியாக இருந்த காலம். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் மற்றொரு வழி உண்டு: புளிக்காடியில் உள்ள அதே அமிலத்தில் கல்லைக் கரைத்தால், கோனோடோன்ட் என்னும் பழங்கால உயிரின் நுண்பற்கள் கரையாமல் அடியில் தங்கும். அவை சூட்டுக்கு ஏற்ப மஞ்சளிலிருந்து பழுப்பும் கறுப்புமாக நிறம் மாறும். ஆகையால் காலத்தோடு, கல் எவ்வளவு வெந்தது என்பதையும் சொல்லிவிடும்.

இறுதியாக, அந்த 400 மில்லியன். இது வந்தது எரிமலைச் சாம்பலிலிருந்து. சாம்பலில் சிர்க்கான் என்னும் சிறு படிகங்கள் இருக்கும். அவை உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏறத்தாழ முழுவதும் விலக்கும். பிறகு உள்ளே யுரேனியம் சிதைந்து ஈயமாகும். யுரேனியம்-238-இல் பாதி சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் சாம்பல் விழுந்த காலம் கிடைக்கும். இந்தக் கணக்கில் எந்த ஓட்டுக்கும் இடமில்லை. அந்தச் சாம்பல் புதைபடிவ அடுக்குகளுக்கு இடையே படிந்திருக்கும் இடங்களில், வரிசைக்கு எண் கிடைக்கிறது. சீனாவின் மெய்ஷானில் பெர்மியன் முடிந்து டிரையாசிக் தொடங்கும் எல்லை ஒரு கோனோடோன்ட் சிற்றினத்தின் முதல் வருகையால் குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் மேலும் கீழும் உள்ள சாம்பல் அடுக்குகள் 252 மில்லியன் என்று சொல்கின்றன. சிலுரியன் முடிந்து டெவோனியன் தொடங்கும் எல்லை செக் நாட்டின் குளோன்க் என்ற இடத்தில், ஒரு கிராப்டோலைட்டு சிற்றினத்தைக் கொண்டு, 1972-இல் வரையறுக்கப்பட்டது; உலகப் பொது எல்லையாக ஏற்கப்பட்டவற்றுள் அதுவே முதலாவது. சிலுரியன் காலம் 443 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 419 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. புதைபடிவ வரிசை எழுதப்பட்டு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே கதிரியக்க அளவீடு வந்தது. முன்பே மூத்தது என்று குறித்திருந்தவற்றுக்கு அது பெரிய எண்ணையும், இளையது என்று குறித்திருந்தவற்றுக்குச் சிறிய எண்ணையும் தந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகள் ஒரே வரிசையைச் சொல்வதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. பத்துமலைக் கல் சிலுரியன் என்பது ஓடுகள் சொன்னது. சிலுரியன் இத்தனை மில்லியன் என்பது வேறு நாடுகளின் சாம்பல் சொன்னது. இரண்டையும் சேர்த்து, கையடக்கமாகச் சுருக்கி, 400 என்கிறார்கள். சரியாகச் சொன்னால் 420-ஐ ஒட்டியும் அதற்கு மேலும்.

உங்கள் மகளுக்கு இதில் ஆர்வம் தொடருமானால், அடுத்த விடுமுறையில் லங்காவிக்கு அழைத்துச் செல்லுங்கள். புவிப்பூங்காவில் கல்லை உடைக்கவோ எடுக்கவோ வேண்டாம். ஒரு குறிப்பேடும் கைபேசிப் படமும் போதும். வேறெங்காவது, சாலை வெட்டிய மேட்டிலோ பழைய கல்லுடைப்பிலோ, உரியவரின் அனுமதியோடு ஒரு துண்டை எடுத்தால், எடுப்பதற்கு முன்பே அதன்மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள், மேற்பக்கம் எது என்று காட்ட. அருகில் ஓர் எண். குறிப்பேட்டில் அதே எண்ணுக்கு நேரே இடமும் நாளும், கீழிருந்து எத்தனையாவது அடுக்கு என்பதும்.